பாத்திமாவின் இட்லிச் சட்டி

"போனை உள்ள போடுங்கண்ணே. ஒங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

இன்னாசி போனை மார்போடு அணைத்துக்கொண்டு யோசிக்கிறார். பாத்திமா அலுமினிய இட்லிச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். உள்ளே ஏற்கெனவே யார் யாருடைய போனோ கிடக்கிறது. பேரனுடைய கேம் ரிமோட்டைச் சரிபார்க்க வந்த மனுசன், வேறு வழியில்லாமல் தன்னுடையதையும் போடுகிறார். மூடி விழுகிறது. அதற்கப்புறம்தான் பாத்திமா தன்னுடைய கன்சோலின் ஸ்விட்சைத் தொடுகிறாள். ரிமோட்டைச் சோதிக்க வேறு வழி கிடையாது, அதற்காக எவன் போனோ அதன்மேல் மூச்சு விடுவதை அவள் அனுமதிப்பதும் கிடையாது.

கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், முன்னறை கடையாகவும் பின்னறை வீடாகவும் இருக்கிற கட்டடம் அவளுடையது. பலகையில் மொபைல் சர்வீஸ் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் சிங்கப்பூரிலிருந்தும் குவைத்திலிருந்தும் அப்பன்மார் வாங்கிவந்து பிள்ளைகள் குப்புறத் தள்ளுகிற கேம் கன்சோல்கள் சுத்துப்பட்டிலிருந்து அவளிடம்தான் வரும்.

விஷயம் இதுதான். கன்சோலில் கம்பெனிக்காரன் விற்கிற விளையாட்டு மட்டும்தான் ஓடும். ஆனால் அதன் மென்பொருளில் எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை வழியாகத் தாங்களே எழுதிய விளையாட்டை உள்ளே விட்டு ஓட்டிப்பார்க்கிற ஒரு கூட்டம் உலகமெங்கும் உண்டு. கடலைக்காட்டு வேலியில் ஆடு புகுகிற சந்து மாதிரி. கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? அப்டேட் அப்டேட் என்று நெட்டில் அனுப்பி, சந்தில் முள்ளை வெட்டிப் போட்டு அடைப்பான். அடைத்தது அடைத்ததுதான், பழையபடி ஆக்க முடியாது. பாத்திமாவின் கன்சோல் முள் வைக்காத பழைய வெர்ஷன். நெட் வாசனையே படாமல் அதைக் காப்பாற்றத்தான் இந்த இட்லிச் சட்டி. மூடி போட்ட அலுமினியத்தைத் தாண்டி சிக்னல் போகாது என்பது அவள் நம்பிக்கை.

"ஓடுதுல்ல? அப்பறம் எதுக்குக் கைய வைக்கணும்?" என்பது அவளுடைய கொள்கை. கன்சோலோடு நிற்கிற கொள்கை இல்லை இது. அவள் மிக்ஸியின் குமிழ் போய் பல வருசமாகிறது, சட்னி அரைக்கப் பென்சில் வேண்டும். ஸ்கூட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தால்தான் ஸ்டார்ட் ஆகும். மாற்றிக்கொடுக்கிறேன் என்று எந்த மெக்கானிக்காவது வாயைத் திறந்தால், பிள்ளையைத் தத்துக் கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கன்சோலுக்குள் எதையாவது ஏற்றுவதற்கு முன்னால் லைன்மேன் மூக்கனுக்கு லேண்ட்லைனில் போன் போடுவாள். ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கதை முடிந்தது. "அப்பறம் அது செங்கல்லுதாங்க. சுவத்துல வச்சுப் பூசலாம்." யூபிஎஸ் வாங்க வேண்டியதுதானே என்பார்கள். வாங்கினாள். அது சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. மூக்கன் சொல்லிவிட்டு நிறுத்துவார். டிரான்ஸ்பார்மரில் மயில் வந்து உட்கார்ந்து லைனைத் தட்டிவிடுகிற ஊர் என்பதால், முக்கியமான வேலையென்றால் மூக்கனே அடியில் நின்று மயில் விரட்டுவார். பாத்திமா மாதாவின் பெயர் வைக்கப்பட்டவள், சிலுவை போட்டுக்கொண்டு பட்டனை அழுத்துவாள்.

நெட்டில் பழகிய அந்தக் கூட்டத்து வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு அவள் "கீரனூர் அக்கா". அந்த "அக்கா"வுக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாது, குடும்பப் பெயர் என்று நினைத்திருக்கிறார்கள். அவர்கள் தயவில்தான் அவள் தானாகவே ஒரு விளையாட்டு எழுதினாள். ஆவூரிலிருந்து கீரனூர் வருகிற மினி பஸ்ஸை ஓட்ட வேண்டும். கோழிக்கூடையோடு ஏறுகிறவளுக்கு நின்று ஏற்ற வேண்டும், ஆட்டுமந்தை கடந்தால் காத்திருக்க வேண்டும், ஹார்ன் அடித்தால் ஆடு இன்னும் மெதுவாகப் போகும். மரமெல்லாம் போலந்துக்காரன் ஒருவன் வரைந்து கொடுத்தான். புளியமரம் கேட்டதற்குக் கிறிஸ்துமஸ் மரம் வந்தது. "நம்ம மரம் இப்புடி இல்ல பிரதர்" என்று போட்டோ அனுப்பி அனுப்பித் திருத்தினாள்.

டிரைவர் சீட்டில் இருப்பவன் ஜோஸ். அவளுடைய புருசன். குவைத்துக்குப் போவதற்கு முன்னால் அந்த மினி பஸ்ஸை ஓட்டியவன் அவன்தான், அந்த பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தான் பாத்திமா அவனைக் கட்டிக்கொண்டாள். விளையாட்டில் அவனுக்கு அப்போதிருந்த மீசை. குவைத்தில் போய் அதை வழித்துவிட்டான். அந்த அப்டேட்டையும் அவள் ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த லீவில் ஊருக்கு வந்திருக்கிற அவனிடம் விளையாட்டைக் காட்ட வேண்டும். மூச்சுவிடாமல் வைத்திருந்தாள். விசா புதுப்பித்ததும் ஏஜென்ட் கூப்பிடுவான், கூப்பிட்டால் மறுநாளே திருச்சி ஏர்போர்ட். தவறிவிடக் கூடாதென்று ஏஜென்ட்டுக்கு மட்டும் கோயில் மணிச் சத்தம் வைத்திருந்தான் ஜோஸ். அந்த மணி அடிப்பதற்குள் காட்டியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கறிச்சோறு போட்டு, அப்புறம் காட்டலாம் என்று அவள் கணக்கு.

ஊரார் போனையெல்லாம் சட்டியில் போட்டவள், கட்டின புருசன் போனை மட்டும் விட்டுவிட்டாள். அந்தக் கன்சோலை குவைத்தில் வாங்கி, தன் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் முதன்முதலில் அவன் இயக்கிப் பார்த்திருந்தான். அது மறக்குமா? அவள் கறிக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் டிவியில் படம் பார்க்க ஹாட்ஸ்பாட் போட்டான். பக்கத்தில் கன்சோல் இருக்கவே, நம் சாமானாயிற்றே என்று அதையும் தட்டினான். பழைய சிநேகிதனைக் கண்டதுபோல அது ஒட்டிக்கொண்டது.

பாத்திமா பையோடு உள்ளே வரும்போது திரையில் புத்தம்புது முகப்பு மின்னிக்கொண்டிருந்தது.

"என்னங்க பண்ணீங்க?"

"அப்டேட் பண்ணவான்னு கேட்டுச்சு. மரியாதையா கேட்டுச்சு, சரின்னேன். ஒனக்கு எல்லாம் புதுசா இருக்கட்டுமேன்னுதான் பாத்தி."

அவள் கறியை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள். ஏன் அழுகிறாள் என்று சொன்னால் சங்கதி உடைந்துபோகும், அதனால் வெங்காயத்தின் மேல் பழி போட்டாள். வெங்காயம் இன்னும் உரிக்கவே இல்லை. வெளிநாட்டுக் கூட்டாளிகள் வரிசையாகத் துக்கம் விசாரித்தார்கள். பிரேசிலில் ஒருவன் தன் கன்சோலை ஒருநாள் அணைத்தே வைத்தானாம்.

விளையாட்டு பென்டிரைவில் பத்திரமாக இருந்தது. ஓட்டத்தான் பெட்டி இல்லை. மாவட்டம் முழுக்கத் தேடினாலும் அப்டேட் ஆகாத கன்சோல் எங்கே கிடைக்கும்? யோசித்துக்கொண்டே மிக்ஸியில் பென்சிலைத் திருப்பியபோதுதான் பீட்டர் சார் ஞாபகம் வந்தது. கந்தர்வக்கோட்டையில் கணக்கு வாத்தியார். மகன் பிளஸ் ஒன்னில் மார்க் குறைந்ததற்காக அவன் கன்சோலைப் பீரோவில் வைத்துப் பூட்டியவர். அந்தப் பையன் அப்போதே கடைக்கு வந்து புலம்பினான். இப்போது அவன் காலேஜ் முடிக்கப்போகிறான், சார் இன்னும் திறக்கவில்லை.

மறுநாள் முந்திரித் தோப்பெல்லாம் தாண்டி ஸ்கூட்டியில் போய் இறங்கினாள். சார் நல்ல மனுசர், கேட்டதும் தந்துவிட்டார். வேட்டியோடும் ரசகற்பூர வாசனையோடும் கன்சோல் வெளியே வந்தது. வெர்ஷனைப் பார்க்க டிவியில் மாட்டினாள். பழசு, அசல் பழசு. அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனபோது சார் எழுந்தார்.

"இருங்கம்மா. இப்புடிப் பழசையா ஒரு மனுசி கையில குடுக்குறது. எங்க வீட்டு வைஃபைல போட்டு அப்டேட் பண்ணித் தாரேன்."

பாத்திமா பாய்ந்த வேகத்தில் பிளக் கையோடு வந்துவிட்டது, சுவரிலிருந்த ஸ்விட்ச் பெட்டியும் பாதி வந்தது.

"வேணாங்க சார். அப்புடியே அழுக்கோட குடுங்க."

"தூசியாவது தொடைக்கிறேன்."

"தூசியும் இருக்கட்டுங்க சார்."

சார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். மார்க் குறைந்த பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை. "திரும்ப பீரோவுக்கே வந்துரணும்" என்ற நிபந்தனையோடு அனுப்பிவைத்தார்.

அன்று மத்தியானம் மூக்கன் டிரான்ஸ்பார்மருக்கு அடியில் தொரட்டியோடு நின்றார். "மயில் ஒண்ணு அங்கிட்டுப் போயிருச்சு, இன்னொன்னு யோசிக்குது. நீ அடி தாயி" என்று போனில் தைரியம் சொன்னார். பாத்திமா சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினாள். ஏறிவிட்டது.

இந்தமுறை யாரும் சொல்லாமலே ஜோஸ் தன் போனை இட்லிச் சட்டிக்குள் வைத்தான். அவள் மூடியைப் போட்டு ரிமோட்டை அவன் கையில் கொடுத்தாள்.

திரையில் மினி பஸ் வந்து நின்றது. ஆவூர் கோயில் கோபுரம். கோழிக்கூடை. வளைவில் திருத்தாமல் விட்டுப்போன ஒரே ஒரு கிறிஸ்துமஸ் மரம்.

"இந்த மரம் நம்ம ஊர்ல எங்கிட்டு இருக்கு?"

"அது போலந்துங்க. நீங்க ரோட்டப் பாருங்க."

பஸ் நின்றது. கதவு திறந்து டிரைவர் எட்டிப் பார்த்தான், மீசையோடு. ஜோஸ் ரிமோட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மேலுதட்டைத் தடவிப் பார்த்தான். "நானா இது?" என்றான் கடைசியில். "பழைய வெர்ஷன்" என்றாள் பாத்திமா. இதற்குத்தானே இத்தனை பாடு என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

முதல் ஸ்டாப்பைத் தாண்டி ஆட்டுமந்தை வந்தது. ஜோஸ் பழக்கதோஷத்தில் ஹார்ன் அடித்தான். ஆடுகள் இன்னும் மெதுவாகப் போயின.

அப்போதுதான் இட்லிச் சட்டிக்குள் கோயில் மணி அடித்தது.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மூடி லேசாக அதிர்ந்தது. இத்தனை வருசமாக அந்தச் சட்டி எதையுமே தடுக்கவில்லை என்பது பாத்திமாவுக்கு அந்த நிமிடத்தில் புரிந்தது. ஜோஸ் ரிமோட்டைக் கீழே வைக்கப்போனான்.

"ஆடு போயிருச்சு, வண்டிய எடுங்க" என்றாள்.

மணி விடாமல் அடித்தது. பாத்திமா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிவந்து, சட்டி மூடியின்மேல் வைத்தாள்.