குடையால் அளந்த சந்து

கனகவள்ளி சிஸ்டருக்கு ஒரு பழக்கம். சந்துக்குள் நுழைந்ததும் மடக்கிய குடையைக் குறுக்காகப் பிடிப்பாள். பிடி ஒரு பக்கச் சுவரையும், முனை மறுபக்கத் தகரத்தையும் உரசுகிறதா என்று பார்ப்பாள். உரசினால் நின்று, கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொள்வாள். உரசாவிட்டால் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பாள். சந்து திரும்புகிற குழாய் முனையில் மட்டும் இரண்டு தடவை அளப்பாள்.

தோல்பை தைக்கும் மெஷினில் உட்கார்ந்தபடியே ஷாகுல் ஹமீது மூன்று செவ்வாய்க்கிழமை இதைப் பார்த்தார்.

அது எண்பத்தாறாம் வருஷம். தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. ஷாகுலின் ஒற்றை அறைக் கோலி வீட்டுக்கு இருந்த ஒரே ஆதாரம் சர்க்கார் கொடுத்த போட்டோ பாஸ். குடிசைக் கணக்கெடுக்க வந்த அன்று அவர் சரக்கு கொடுக்கப் போயிருந்ததால், அதில் மனைவி நஜ்முன்னிசாவின் பெயரும் படமும்தான் இருந்தன. அந்த நஜ்முன்னிசா இப்போது ஏணிக்கு மேலே, பலகைத் தட்டில் புற்றுநோயோடு கிடந்தாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். பிறகுதான் இந்த சிஸ்டர் வந்தாள். சாகக் கிடக்கிறவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற அமைப்பாம். காசு வேண்டாமாம்.

“சும்மா எவன் வருவான் பாய்?” என்றார் பக்கத்துக் கோலி வெயிலுமுத்து. “ஒரு கையில மருந்து, ஒரு கையில நோட்டு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கோலி யாரு பேருக்குப் போவுதுன்னு பாரும்வே.”

ஆனால் மருந்து கேட்டது. அதற்கு முன்பெல்லாம் தலையணை நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தவள், நாலு மணிக்கொரு தரம் ஒரு மூடி கசப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தூங்கினாள். கஞ்சிக்குத் துவையல் கூடக் கேட்டாள். அதனால் சிஸ்டரை விரட்டவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. மேலே இருவரும் குசுகுசுவென்று பேசுவார்கள். இவர் ஏணியில் கால் வைத்தால் பேச்சு நின்றுவிடும்.

ஒருநாள் நஜ்முன்னிசா கேட்டாள்: “என்னங்க, இந்தப் பீரோவ எப்படி உள்ள கொண்டாந்தீங்க?”

“குழாய் முனையில திரும்பல. நட்டமா நிறுத்தித்தான் தூக்கினோம். இப்ப எதுக்கு அது?”

“இல்ல, நான் போறப்ப...”

“வாய மூடு. நீ எந்திரிச்சு நடப்ப.”

இறங்கி வந்துவிட்டார். அந்தப் பேச்சு வந்தாலே அவர் எழுந்து போய்விடுவார். பீரோவைப் பற்றிக் கேட்கச் சொன்னது யார் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

அடுத்த செவ்வாயன்று சிஸ்டர் மேலே இருக்கையில், கீழே கிடந்த கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தார். சந்தின் படம். முனைக்கு முனை அளவு. அவர் கோலியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அடியில் நாலு வரி தமிழ். ஏழு வயதில் பம்பாய்க்கு வந்தவருக்குத் தமிழ் பேச்சோடு சரி. வெயிலுமுத்துவிடம் காட்டினால் சாயந்தர அஸர் தொழுகைக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். தாளைக் கிழித்து, போட்டோ பாஸ் இருந்த தகர டப்பாவில் மடித்துப் போட்டார்.

மறுவாரம் வாசலிலேயே மறித்தார்.

“ஆஸ்பத்திரிக்காரிக்குச் சந்து அகலம் எதுக்கு சிஸ்டர்?”

கனகவள்ளி பலகைத் தட்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். “அத நான் சொல்லக் கூடாது பாய். அவங்ககிட்டயே உக்காந்து கேளுங்க. பாதியில எந்திரிச்சுப் போகாம.”

“அவள எதுக்கு இழுக்கீங்க? இனிமே குடையும் நோட்டும் சந்துக்குள்ள வரக் கூடாது. இல்லன்னா நீங்களும் வர வேண்டாம்.”

மேலே நஜ்முன்னிசா முனகினாள். மருந்துக்கு நேரமாகிவிட்டது.

“சரி. மருந்து மட்டும் நிக்கக் கூடாது” என்றாள் சிஸ்டர்.

அதற்கப்புறம் குடையையும் நோட்டையும் சந்து முனை டீக்கடையில் வைத்துவிட்டு, ஜூலை மழையில் தொப்பலாக நனைந்து வந்தாள். லாபம் இல்லாமல் ஒருத்தி இவ்வளவு நனைவாளா என்று ஷாகுலுக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. அவள் போகிற வரைக்கும் ஏணியடியிலேயே நின்றார். குசுகுசுப்பும் நின்றது. நஜ்முன்னிசாவிடம் அவர் எதையும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில், அவர் கையைப் பிடித்தபடியே அவள் அடங்கினாள். வலி இல்லாமல்தான். சிஸ்டர் வர இன்னும் மூன்று நாள் இருந்தது.

பள்ளிவாசலிலிருந்து சந்தூக்குப் பெட்டி வந்தது. மையித்தை வைத்துத் தூக்கிக்கொண்டு போனவர்கள் குழாய் முனையில் நின்றுவிட்டார்கள். பெட்டி திரும்பவில்லை. பின்னால் வாங்கிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் துப்பட்டியால் இறுக்கிக் கட்டி நட்டமாக நிறுத்தினார்கள். உள்ளே பாரம் சரிந்து இறங்கியது. கால்மாட்டில் நின்ற ஷாகுலின் நெஞ்சில் அது வந்து முட்டியது.

கோலியைக் கேட்டு யாரும் வரவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குக் கடையநல்லூரிலிருந்து மைத்துனர் நாகூர் மீரான் வந்திருந்தார். போட்டோ பாஸில் பெயர் மாற்ற வேண்டுமென்று டப்பாவைத் திறந்தபோது அந்தத் தாள் கிடைத்தது. இனி யாருக்குத் தெரிந்தால் என்ன என்று ஷாகுல் அதை நீட்டினார். நாகூர் மீரான் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்:

“‘குழாய் முனையில் சந்தூக்கு திரும்பாது. தோல் கிடங்கு வழியாகப் போனால் படுத்தவாக்கிலேயே கொண்டுபோகலாம். பின்கேட்டைத் திறக்கக் கிடங்குக்காரர் கரீம் பாட்சாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நஜ்முன்னிசா கேட்டுக்கொண்டது: பீரோ மாதிரி என்னை நிறுத்தக் கூடாது.’ இது யாரு எழுதினது மச்சான்?”