சுவிட்சுக்காரர் ஒப்புக்கொண்ட தப்பு

பஸ் ஷெட்டில் எல்லோரும் அவரைச் ‘சுவிட்சு’ என்றுதான் கூப்பிட்டார்கள். பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் அறை அவர் பொறுப்பு. ஷெட்டின் பின்பக்கம், டயர்க் குவியலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே, இரண்டு ஜன்னல் வைத்த சின்ன அறை அது. மழை பெய்தாலும் அந்த ஜன்னல்களைச் சாத்த விடமாட்டார். கிளிப்புகளை மாட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இதையே ஓதுவார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

“சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலேர்ந்து ஒரு வாயு வரும்ப்பா. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஒரு பொறி பட்டா போதும், குண்டு மாதிரி வெடிச்சிடும்” என்பார்.

டிரைவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. வேண்டுமென்றே அறை வாசலில் நின்று தீக்குச்சி உரசுவார்கள். அவர் அலறியடித்து ஓடிவருவதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் முன்னால் நின்றவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. வேலைவெட்டி இல்லாமல் திரிந்தவனுக்காக முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரேதான்.

ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வாசலில் வெட்டியாக நின்றிருந்தார்கள். உள்ளே பேட்டரி சார்ஜ் ஏறிக் கொதித்துக்கொண்டிருந்தது. வியர்வை துடைப்பதற்காக அவர் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மச்சினன் அதைப் படக்கென்று பிடுங்கி மாட்டிக்கொண்டு, அவரைப் போலவே கழுத்தைச் சாய்த்து, குரலை இழுத்தான்.

“சுவிட்சு... சுவிட்சு...”

வாசலில் ஒரே கைதட்டல்.

“கண்ணாடியைக் குடு மச்சான். சார்ஜ் ஏறிட்டிருக்கு, விளையாடாதே.”

“விளையாடினா என்ன ஆகும் மாமா? அதையும்தான் பார்த்துடுவோமே.”

சுவிட்சை அணைக்காமலே ஒரு கிளிப்பைப் பிடுங்கி, டக்கென்று திரும்பவும் அதே முனையில் வைத்தான். தடுப்பதற்காக அவர் குனிந்தார். நீலமாக ஒரு பொறி தெறித்தது. பேட்டரியின் மேல்பக்கம் வெடித்துப் பறந்து, உள்ளே இருந்த ஆசிட் அவர் முகத்தில் அறைந்தது. மச்சினனுக்குச் சட்டைதான் பொத்தலானது. அவன் கண்களைக் கண்ணாடி காப்பாற்றிவிட்டது.

“தண்ணி ஊத்துங்க! நிறுத்தாம ஊத்துங்க!” என்று அவர் அலறினார்.

கைதட்டியவர்களில் ஒருவனும் அங்கே இல்லை. மூலையில் தினமும் அவரே நிரப்பி வைக்கும் வாளியை, தவழ்ந்து தடவிக் கண்டுபிடித்து முகத்தை முக்கினார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நிழலாட்டம் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து விசும்பினாள். தனக்காகத்தான் அழுகிறாள் என்று அவர் நினைத்தார்.

“என்னங்க, முதலாளி விசாரிக்க வர்றாராம். தம்பி பேரைச் சொல்லிடாதீங்க. அவன் வேலை போயிடும். ரெண்டு பெண்பிள்ளைங்களை வச்சிருக்கான்.”

“அப்ப என் கண்ணு?”

“போனது போயிடுச்சு. அவன் வேலையும் போனா, உங்க கண்ணு திரும்பி வந்துடுமா?”

முதலாளி வந்ததும் அவர், “சுவிட்சை அணைக்க மறந்துட்டேங்க” என்றார்.

“நீயாய்யா? ஊருக்கெல்லாம் சொல்வியே!” என்ற முதலாளி, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் சிரித்துவிட்டார்.

அந்தக் கதைக்குக் கண், காது, மூக்கு வைத்து, பஸ்ஸுக்குப் பஸ் கொண்டுபோனார்கள். முடிவெட்டுகிறவர்கூடக் கத்திரியை நிறுத்திவிட்டு, “ஊருக்குத்தான் உபதேசமா அண்ணே?” என்று கேட்டார்.

சார்ஜ் அறையை முதலாளி மச்சினனிடமே ஒப்படைத்தார். விட்டுவந்த குடையை எடுக்க ஒருநாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஷெட்டுக்குப் போனார். உள்ளே மச்சினன் ஒரு புது டிரைவரிடம் பேசுவது கேட்டது.

“முதல்ல சுவிட்சுடா. எங்க மாமா கதி தெரியும்ல? கொஞ்சம் அசட்டை, அவ்வளவுதான். பாவம், வயசாயிடுச்சு.”

அசட்டை என்ற சொல்தான் அவரைக் குத்தியது. மகளை முதலாளி அறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். மச்சினனும் டிரைவர்களும் பின்னாலேயே வந்து குழுமினார்கள்.

“அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க. கிளிப்பை எடுத்தது என் மச்சினன்தான். இவங்க எல்லாரும் பார்த்தாங்க.”

யாரும் வாயைத் திறக்கவில்லை. மச்சினன் மட்டும் தழுதழுத்தான்: “உங்களை அப்பா ஸ்தானத்துல வச்சிருந்தேனே மாமா.”

முதலாளி சுவிட்சுக்காரரின் மனைவிக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

“அடிபட்டதிலேர்ந்து அவருக்கு நிதானம் இல்லீங்க” என்றாள் அவள். “வீட்லயும் இப்படித்தான் ஏதாவது உளறுறாரு. மனசுல வச்சுக்காதீங்க.”

மகள் பிடி தளர்ந்தது. அந்த அறையில் அப்பா சொன்னதை அவள் அதுவரை நம்பிக்கொண்டிருந்தாள்.

இனி அவரைக் கேட்டுக்குள் விட வேண்டாம் என்று முதலாளி காவலாளியிடம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மனைவி எதுவும் நடக்காததுபோலத் தட்டை வைத்துப் பரிமாறினாள்.

“தம்பி போன் பண்ணினான். மனசுல ஒண்ணும் வச்சுக்கலையாம், உங்களை மன்னிச்சுட்டானாம். சாப்பிடுங்க.”

சோறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். பசித்தது.