சீனப் படக்கதையின் அடுத்த பக்கம்

இன்று உத்திரமேரூர் பஸ் நிறுத்தத்தில், கூலியாள் மாரியின் கையிலிருந்த சீனச் சண்டைப் படக்கதைப் புத்தகத்தை மிராசுதார் பிடுங்கிக்கொண்டார்.

"அண்ணன் சிங்கப்பூர்லருந்து அனுப்சுது சாமி. குடுத்துடுங்க."

"யார அடிக்கிறதுக்குடா சண்டை கத்துக்கினு கீற? படத்துல கீற மாதிரியே செஞ்சி காட்டு, தரேன்."

மாரி ஒற்றைக் காலில் நின்றான். அசையவே இல்லை. படத்தைவிட அழகாக இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

புத்தகத்தை, பஸ்ஸுக்காகப் பக்கத்தில் நின்றிருந்த என்னிடம் நீட்டினார். "பி.ஏ. படிச்சவனாச்சே நீ, அடுத்த பக்கம் திருப்பு."

திருப்பினேன். அதில் வீரன் கூரையிலிருந்து குதித்தான். மாரி அங்கே நின்றிருந்த பஸ்ஸின் மேலேறிக் குதித்தான். கணுக்கால் முறிந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இன்னும் பக்கம் கீதா?" என்றார் மிராசுதார்.

எண்ணிப் பார்த்துச் சொன்னேன்: "பதினொன்னு."

நண்பர்களே, நீங்கள் எந்தப் பக்கத்தில் மூடியிருப்பீர்கள்?