சத்தம் போன வண்டி

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், உளுந்தூர்பேட்டை மூணு ஊரையும் சேத்து வெச்சாலும், இஞ்சின் சத்தத்த காதால கேட்டே இன்னா நோவுன்னு சொல்ற ஆளு நான் ஒருத்தன்தான்.

பொய்யி. சும்மா சொல்லிப் பாத்தேன். என் சொந்த வண்டியில இருந்த ஒரே ஒரு சத்தம், அது எங்க இருந்து வருதுன்னு தெரிய எனக்கு நாலு மாசம் ஆச்சி. அதுவும் நான் கண்டுபுடிக்கல.

பழைய டீசல் பிக்கப்பு அது. எனக்கு முன்ன மூணு பேரு ஓட்டித் தேச்சது. அடிக்க ஆரன் கெடையாது, ஒரு கண்ணாடி கெடையாது. கல்வராயன் மலையில இருந்து புளி, கடுக்கா, சாமை, சீசன்ல பலாப்பழம்னு எறக்கிக்கினு வருவேன். கீழ இருந்து உப்பு, மளிக, சிமிட்டி ஏத்திக்கினு போவேன். வாரத்துல ரெண்டு நட. பள்ளிக்கூடத்துல என்ன ரெண்டாவதோட தொரத்திட்டாங்க. ஸ்டேரிங்கு அப்பிடி தொரத்தல, பாவம் அதுக்கு வேற ஆளு கெடைக்கல.

இட ஒதுக்கீடு கேட்டு எங்க சனமெல்லாம் ரோட்டுக்கு வந்த வருஷங்க அது. டீக்கடைக்குப் போனா அதே பேச்சி, கழனிக்குப் போனா அதே பேச்சி. அந்த நேரம் பாத்துத்தான் என் வண்டியும் தட்ட ஆரம்பிச்சிது. சமதரையில லேசா தட்டும். மேடு ஏறுனா டொங்கு டொங்குன்னு, உள்ள எவனோ உக்காந்துக்கினு சுத்தியால அடிக்கற மாரி அடிக்கும். கச்சிராயபாளையம் தாண்டி மலை ரோட்டுல மொத கீர்ல ஏறும்போது, அந்தச் சத்தம் பள்ளத்துல எறங்கி எதிர் மலையில பட்டுத் திரும்பி வரும். கேக்கறவனுக்கு ரெண்டு வண்டி வர்ற மாரி இருக்கும்.

எனக்கு மானம் போவுது. மொதல்ல, டீசல்ல தண்ணி கலந்திருக்குதுன்னு சொன்னேன். டாங்கிய கழட்டிக் கழுவுனேன். சத்தம் போவல, என் பனியன்தான் போச்சி. அப்புறம் பேரிங்குன்னு சொன்னேன். ஆயில் சட்டிய எறக்கிப் பாத்தா, பேரிங்கு எல்லாம் புது மாப்ள மாரி பளபளன்னு இருக்குது. எவனோ சொன்னான்னு நீட்டு திருப்புளிய எடுத்து, முனைய இஞ்சின் மேல வெச்சி, கைப்புடிய காதுல வெச்சிக்கினு டாக்டரு மாரி கண்ண மூடிக்கினு கேட்டேன். ஃபேன் பெல்ட்டுல சட்டக் கை மாட்டிக்கிச்சி. ஒரு கையி இருந்த எடம் தெரியல. மிச்சச் சட்டய ஒரு வாரம் போட்டுக்கினு, இதான் இப்ப பேஷன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்.

மலை ரோட்டுல ஒரு வளைவு. அதுக்குக் கீழ, ஓடைக்கு அந்தாண்ட பத்து பன்னெண்டு வூடு. ரோட்டுல இருந்து பாத்தா தெரியாது. அங்க இருந்து ஏறி வர முக்கா மணி நேரம் ஆவும். அந்த ஊர்ல ஒருத்தன், என் வயசுதான். புளி மூட்டயப் பின்னால போட்டுட்டு முன் சீட்டுல உக்காந்தான்னா, கீழ எறங்கற வரைக்கும் என்ன வாரிக்கினே வருவான். நான் அவனப் பங்காளின்னு கூப்புடுவேன். அவன் என்ன டைவரேம்பான்.

"இன்னா டைவரே, இஞ்சின்ல மாவு இடிக்கிறியா?"

"ஏன், ஒன் காதுல வந்து வுழுதா?"

"நீ கீழ அணையாண்ட வர்றப்பவே கேக்குது. 'ஒரல் வண்டி ஏறுதுடோய்'னு ஊரே சொல்லும். அப்ப மூட்டயத் தூக்கிக்கினு கெளம்புனா, நீ மலை உச்சியில மேலூர்ல சரக்க எறக்கிட்டுத் திரும்பறதுக்குள்ள ரோட்டுக்கு வந்துடுவோம். எங்களுக்கு எதுக்குக் கடியாரம்?"

ஊரே என் வண்டிய பாத்து சிரிக்குதேன்னு எனக்கு வெக்கம். அவன் சொன்னதுல அது ஒண்ணுதான் என் மண்டையில ஏறுச்சி. மிச்சத்த வுட்டுட்டேன்.

ஒரு நட அவன் சிரிப்பு இல்லாம வந்தான். அவன் பொண்டாட்டிக்கு எட்டாம் மாசம். மொதப் புள்ள.

"நர்சம்மா வந்து பாத்தாங்க டைவரே. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. தல வலி, கண்ணு மங்குதுன்னு சொல்றா. வலி வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்காத, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில கொண்டு போயி சேத்துடுன்னுட்டாங்க. அடுத்த நடைக்கு இட்டுக்கினு வர்றேன். முன் சீட்ட காலியா வெய்யி."

"வெக்கிறேன்டா. அதுக்குள்ள வண்டியப் பிரிச்சி அந்தச் சத்தத்தயும் எடுத்துடறேன். புள்ளத்தாச்சிய ஒரல்ல உக்கார வெச்சா இட்டுக்கினு போவ முடியும்?"

அவனுக்குத் துளி சிரிப்பு வந்துச்சி. எனக்கு அது போதும்னு இருந்துச்சி.

மறுநாளே உளுந்தூர்பேட்டைக்கு ஓட்டிக்கினு போனேன். அங்க லாரி பாக்கற மெக்கானிக்கு ஒருத்தன், என்ன விட சின்னவன், வெத்தலயக் குதப்பிக்கினே இஞ்சின ஓட வுட்டான். டீசல் போற பைப்பு நாலு. ஒவ்வொண்ணுத்து நட்டயும் லூசு பண்ணி, திரும்ப டைட்டு பண்ணிக்கினே வந்தான். லூசு பண்ணா அந்த சிலிண்டருக்கு டீசல் போவாதாம். ஒண்ணு, தட்டுது. ரெண்டு, தட்டுது. மூணாவதத் தொறந்தான். சத்தம் டக்குனு நின்னு போச்சி.

"இதான்ணா திருடன்," ன்னான். "இவன உட்டுட்டு வூட்டப் பூரா இடிச்சிப் பாத்தியா?"

அந்த மூணாவதுல டீசலத் தெளிக்கிற நாசிலக் கழட்டி டீசல் பம்பு கடையில மிசின்ல மாட்டி அழுத்துனாங்க. நல்ல நாசிலு பனி மாரி தெளிக்கணுமாம். என்னிது சின்னப் புள்ள ஒண்ணுக்குப் போற மாரி சொய்ங்குனு ஊத்துது. டீசலு அப்பிடி மொத்தமா எறங்கி மொத்தமா வெடிக்குது, அதான் தட்டுது. புது நாசிலு போட்டாங்க. வண்டி பூன மாரி ஆயிடிச்சி. திரும்பி வர்றப்ப, வழியில நின்ன மாட்டுக்குக் கூட நான் வர்றது தெரியல. அதுல எனக்கு அவ்ளோ பெரும.

நடை நாளு வந்துச்சி. முன் சீட்டத் தொடச்சி, சாக்க மடிச்சி மெத்தையாட்டம் போட்டேன். மலை ஏறுனேன். மொத கீரு, ஏத்தம், ஒரு தட்டு கெடையாது. பாட்டு பாடிக்கினே போயி மேலூர் கடையில உப்பு மூட்டய எறக்குனேன். புளி ஏத்துனேன். திரும்பி வந்தேன். வளைவுல வேகத்தக் கொறச்சேன்.

ஒருத்தரும் இல்ல.

பொம்பளைக்கித் தேவலாம் போலருக்குது, அடுத்த நடைக்கு வருவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். நிக்கக் கூட இல்ல. எறங்கி ஒரு கொரலு குடுத்திருந்தா ஓடைக்கு அந்தாண்ட கேட்டிருக்கும். நான் இஞ்சின் ஓடறத ரசிச்சிக்கினே எறங்கிட்டேன்.

மறுநா காத்தால ரோட்டுல மரம் வுழுந்துச்சி. தானா வுழல, இட ஒதுக்கீட்டு மறியலுக்கு நாங்க வெட்டிப் போட்டோம். ரம்பத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் நான். நாங்க கேட்டதுல ஞாயம் இருந்துச்சின்னு இன்னிக்கும் சொல்லுவேன். ஒரு வாரம் ஒரு வண்டி ஓடல. ரோட்டுலயே உக்காந்து பொட்டலச் சோறு துன்னுக்கினு, பக்கத்துல இருந்தவங்களுக்கெல்லாம் என் நாசிலு கதயச் சொல்லி சிரிக்க வெச்சிக்கினு இருந்தேன். ஆஸ்பத்திரி கேசுன்னு வந்தா மரத்த நவுத்தி வழி வுட்டோம். ரெண்டு வண்டிக்கி நானே கைய காட்டி வழி பண்ணிக் குடுத்தேன். மலையில இருந்து ஒண்ணும் வரல. எப்பிடி வரும்? அந்தப் பக்கம் பஸ்சு கெடையாது. போற ஒரே வண்டி என்னிது, அது என் வூட்டாண்ட நின்னுக்கினு இருந்துச்சி.

மரமெல்லாம் எடுத்த மறுநா ஏறுனேன். வளைவுல அவன் நின்னுக்கினு இருந்தான். மூட்ட இல்ல. ஒரு வாரத் தாடி. ஏறி முன் சீட்டுல உக்காந்தான். சாக்கு மடிச்சது மடிச்சாப்லயே இருந்துச்சி.

"மறியலு அஞ்சாம் நாளு அவளுக்குக் கையி காலு வெட்டி இழுப்பு வந்திடிச்சி டைவரே. போர்வயக் கம்புல கட்டி, நாலு பேரு தூக்கிக்கினு எறங்குனோம். கீழ அணை தெரியற எடம் வரைக்கும் வந்துட்டோம். அங்கயே செத்துப் பூட்டா. புள்ளயும் வயித்துலயே."

நான் இஞ்சின அணைச்சேன்.

"அன்னிக்கி நீ வரல இல்ல?" ன்னு கேட்டான். "துணி மூட்டயக் கட்டி வெச்சிக்கினு வாசப்படியிலயே உக்காந்துக்கினு இருந்தா. பொழுது சாயற வரைக்கும் காது குடுத்துக்கினு இருந்தோம். வண்டியப் பிரிக்கப் போறேன்னு சொன்னியே, இன்னும் வேல முடியல போலன்னு வுட்டுட்டோம்."

"ஆமா பங்காளி," ன்னேன். "ரிப்பேரு. வரல."

சிரிக்க வெக்க ஆயிரம் பொய்யி சொன்ன வாயி. இது ஒண்ணுத்துக்கு யாரும் சிரிக்கல. அவன் என் தோள்ல கைய வெச்சான்.

"வுடு டைவரே. நீ இன்னா பண்ணுவ? மிசினு."

வூடு வந்து மூணு நாளு சோறு எறங்கல. என் பொண்டாட்டி காய்ச்சல்னு நெனச்சிக்கினு கஷாயம் வெச்சிக் குடுத்தா. வாங்கிக் குடிச்சேன். அவகிட்டயும் சொல்லல.

அதுக்கப்புறம் எந்த நடயும் அந்த வளைவுல நிறுத்தாமப் போனதில்ல. ஏறறப்ப ஒரு வாட்டி, எறங்கறப்ப ஒரு வாட்டி. எறங்கி நின்னு தொண்ட கிழிய ஓடைப் பக்கம் கத்துவேன். டைவருக்குக் கிறுக்கு புடிச்சிடிச்சின்னு மேலூர்ல பேசிக்கினாங்க. நானும் ஆமா ஆமான்னு ஆடிக் காட்டுவேன். அவன் முன்ன மாரியே புளியோட வந்து ஏறுவான். வாரறது மட்டும் வுட்டுட்டான். எதனா நானே சொல்லி நானே சிரிச்சிக்குவேன். அவன் ரோட்டப் பாத்துக்கினு வருவான்.

ரெண்டு வருஷம் போச்சி. ஒரு புளி சீசன்ல எறங்கிக்கினு இருக்கோம், அந்த அணை தெரியற எடம் வந்திடிச்சி. அந்த எடத்துல எப்பவும் அவன் மொகத்தத் திருப்பிக்குவான். அன்னிக்கித் திருப்பல. அதப் பாத்ததும் எனக்குத் தாங்கல.

"பங்காளி, அன்னிக்கி வண்டி வந்துச்சி," ன்னேன். "ரிப்பேரு முடிஞ்சி வந்துச்சி. சத்தம் போயிடிச்சி, அதான் ஒங்களுக்குக் கேக்கல. நான் நிக்காம பூட்டேன்."

"தெரியும் டைவரே."

"எப்பத்துல இருந்து?"

"மறு வாரத்துல இருந்து. அன்னிக்கி நீ உப்பு எறக்குனேன்னு மேலூர் கடக்காரரு சொன்னாரு."

"அப்ப ஏன்டா கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

பிரேக்க மிதிச்சேன். எறங்குனேன். அவனும் அந்தாண்ட எறங்குனான். ரெண்டு பேரும் வண்டிக்கு முன்னால வந்து நின்னோம். நான் அவன் கையப் புடிக்கலாம்னு போனா, அவன் கைய—

"யப்பா! மும்முன கரண்டு வந்திடிச்சி! கரும்புக்குத் தண்ணி கட்டணும், மம்முட்டியத் தூக்கிக்கினு வா! இப்ப வுட்டா மறுபடி எப்ப வருமோ!"

என் பெரிய பையன், கத சொல்ல வுடாம கழனியில இருந்து கத்தறான். வர்றேன்டா, இதோ வர்றேன்.