மச்சான் தந்த விடுதலை

எங்கள் தெரு சலூன்காரருக்குக் கத்தரி ஓய்ந்தாலும் வாய் ஓயாது. அதனால்தான் ஊர் நாடகத்தில் தத்துவஞானி வேடத்தை அவர் தலையில் கட்டினார்கள். நட்சத்திரங்களும் சூரியன்கள்தான் என்று சொன்னதற்காக, முன்னொரு காலத்தில் மதத் தலைவர்கள் அந்த ஞானியை எங்கள் சதுக்கத்தில் எரித்துக் கொன்றார்கள். ஆண்டுதோறும் அதே இடத்தில் நாடகம் போட்டு அவரை நினைத்துக்கொள்வோம்.

விசாரணைக் காட்சி வந்தது. நீதிபதியாக நடித்தவர் சலூன்காரர் மனைவியின் அண்ணன், பேக்கரி வைத்திருப்பவர்.

"சொன்னது தப்புன்னு ஒத்துக்கோ!" என்று உறுமினார்.

நம்மவருக்கு வசனம் சுத்தமாக மறந்துபோயிற்று. வியர்த்து விறுவிறுத்து நின்றவர், கடைசியில் கெஞ்சினார்: "மனசுல பட்டதைத்தானே மச்சான் சொன்னேன்? அதுக்குப் போயி கொளுத்துவீங்களா?"

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நீதிபதிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தங்கை புருஷனின் முகத்தையே பார்த்தவர், கையிலிருந்த தீர்ப்பைக் கிழித்துப் போட்டார்.

"போ மாப்ளே, வீட்டுக்குப் போ. விடுதலை!"

நாடகம் எழுதிய வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்த ஊர் மதகுருவோ எழுந்து நின்று கைதட்டினார்.

"அன்னைக்கே இப்படி முடிஞ்சிருக்கணும்," என்றார், கண்ணைத் துடைத்தபடி.

அதற்கப்புறம் எங்கள் ஊரில் தத்துவஞானி ஒவ்வொரு வருஷமும் விடுதலையாகி, பெண்டாட்டி பிள்ளைகளோடு பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்துபோகிறார்.