மூச்சு விடக் கற்றுக்கொடுத்த காலேஜ்

உதட்டை மூடிக்கொண்டு "ம்ம்ம்ம்…" என்று இழுத்தால் பல் வரிசை கூசும். மூக்குத் தண்டு அதிரும். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் செய்யும் முதல் வேலை அதுதான். குரலை எழுப்பும் பயிற்சி. எனக்குப் பல்வலி என்றே எதிர் சீட்டுக்காரர்கள் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள்.

பெங்களூரில் ஒரு காலேஜில் மியூசிக்கல் தியேட்டர் படித்துக்கொண்டிருந்தேன். பாட்டு, நடிப்பு, நடனம் எல்லாம் சேர்ந்த மூன்று வருஷப் படிப்பு.

சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லைனில் யாருக்கும் அது புரியவில்லை.

"இன்னா படிப்பும்மா அது? சினிமா தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கிற வேலையா?" பக்கத்து வீட்டு ராணியக்கா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா பதில் சொன்னார். "பாடிக்கினே நடிக்கிறது. மொதல்ல மூச்சு விடக் கத்துக் குடுக்கறாங்களாம்."

"மூச்சு விடக்கூடவா காலேஜு!"

எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கமான மைன்ஸ் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். அந்தத் தூசு நெஞ்சிலேயே தங்கிவிட்டது. மூடிய பிறகு பெங்களூர் அபார்ட்மெண்ட் ஒன்றில் செக்யூரிட்டி. அம்மா நான் ஸ்கூலில் படிக்கும்போதே தவறிவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். காலையில் ஒரே ரயிலில் போவோம்.

முதல் வருஷம், வயிற்றின் மேல் கனமான புத்தகத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, மூச்சால் அதைத் தூக்கச் சொன்னார்கள். வீட்டில் நான் செய்வதைப் பார்த்து நைனாவும் பக்கத்தில் படுத்தார். புத்தகம் கொஞ்சம்கூட ஏறவில்லை.

"எனக்கு உங்க காலேஜ்ல சீட்டு கெடைக்காது பாப்பா" என்று எழுந்துகொண்டார்.

மூன்றாம் வருஷக் கடைசியில் பெரிய நாடகம். வெள்ளத்தில் குழந்தையைப் பறிகொடுத்த தாயின் வேஷம் எனக்கு. ஷோவுக்கு நாலு நாள் முன்னால் மியூசிக் டீச்சர் கிளைமாக்ஸ் பாட்டை எடுத்துவிட்டு, புதிதாக ஒரு தாலாட்டு கொடுத்தார். வார்த்தையே கிடையாது. வெறும் ராகம். காலி தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாட வேண்டும். அந்த நாலு நாளும் ஹாஸ்டலில் தோழியோடு தங்கி ரிகர்சல். ஊருக்குப் போகவே இல்லை.

அதற்கு நடுவில் ஒரு காலை, நைனா வேலைக்கு வந்து இறங்கும் ஸ்டேஷனுக்குப் போய், ஷோவுக்கான பாஸ் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் எதுக்கும்மா? நடுவுல இருமல் வந்தா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. உன் பாட்டு கெட்டுப்புடும்."

"இல்ல நைனா, நீ வா" என்று சொல்லியிருக்க வேண்டும்.

"சரி, சும்மா வெச்சிக்க" என்றேன்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்த நிமிஷம் மனசுக்குள் அப்பாடா என்றுதான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஷோ. தாலாட்டு முடிந்ததும் ஹால் முழுக்கக் கைதட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தேன். குழாயடியில் குந்தி உட்கார்ந்து நைனா யூனிபார்ம் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்க்கவில்லை. மெல்ல எதையோ முனகிக்கொண்டிருந்தார்.

அந்தத் தாலாட்டு.

நடு நடுவே மூச்சு வாங்கியது. நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுத்தார்.

"எங்க கேட்ட நைனா இத?"

கை நின்றது. "நீதான் வூட்ல பாடிக்கினு இருந்தியே."

நான் வீட்டில் அதைப் பாடவே இல்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும். "சோறு கீது, போட்டுக்க" என்று சட்டையை அலச ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை ஹால் வாட்ச்மேனிடம் விசாரித்தேன். கன்னடத்தில் சொன்னார். பாஸோடு ஒருவர் வந்தாராம். உள்ளே போகச் சொல்லியும் கேட்காமல் மூடிய கதவில் காதை வைத்து நின்றாராம். இருமல் வரும்போதெல்லாம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கேட் வரைக்கும் ஓடி, இருமிவிட்டுத் திரும்பி வந்தாராம். ஷோ முடியும்வரை அப்படியே.

அன்றே நைனாவிடம் கேட்டிருக்கலாம். என்ன கேட்பது? வரவேண்டாம் என்று நினைத்தவள் நான். அடுத்த மழைக்காலம் தாண்டுவதற்குள் அவர் போய்விட்டார்.

கூடப் படித்தவர்களில் ஒருத்தி கப்பலில் பாடுகிறாள். ஒருவன் கார்ட்டூன்களுக்கு டப்பிங் பேசுகிறான். இரண்டு பேர் ஸ்கூலில் டிராமா டீச்சர். ஒருவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பேங்கில். நான் சில வருஷம் மேடை மேடையாக அலைந்தேன். இப்போது பெங்களூரில் ஒரு நாடக அரங்கில் வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கும் வேலையைக் கவனித்துக்கொள்கிறேன். எப்போதாவது பாடக் கூப்பிடுவார்கள். இன்னமும் அதே ரயில்தான். எல்லார் காதிலும் இயர்போன். நான் முனகினாலும் யாருக்கும் கேட்காது.

போன ஞாயிறு ராணியக்கா தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கும் அதே படிப்பு படிக்க ஆசையாம்.

"வேல கெடைக்குமாம்மா?"

"மேடையில நிக்கறது கொஞ்ச பேருதாங்க்கா. ஆனா அந்தப் படிப்பு சும்மா போவாது" என்றேன். உள்ளதைச் சொன்னேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது ராணியக்கா வாசலில் நின்றார்.

"உங்க நைனா ஒரு தபாவாச்சும் உன் டிராமாவப் பாத்தாராம்மா?"

"பாக்கலக்கா…" என்றேன். "கேட்டாரு."