சின்னையனின் குரலோடு கல்வராயன் மலைக்கு

போன வைகாசியில் ஒரு வியாழக்கிழமை கல்வராயன் மலைக்குப் போய், மறுநாள் திரும்பினேன். அருவி பார்க்கப் போகவில்லை. என் சிநேகிதன் சின்னையனின் கடைசிப் பெண் செல்விக்கு வெள்ளிக்கிழமை காலை கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்குச் சின்னையனுடைய குரலை நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எண் மட்டும் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள் மலர் தன்னுடைய இந்தப் பயணப் பக்கத்தில் எழுதுகிறாள். போனை நம்பி மலையேறுகிறவர்களுக்கு இது உதவும்.

நான் வடக்கனந்தல்காரன், கூலி வேலை. நாற்பத்தாறு வருஷம் மாசி, பங்குனியில் மலைக்குப் போய்ச் சின்னையனோடு புளி உலுக்கியிருக்கிறேன். அவன் மரத்தின் மேலே, நான் கீழே. அவன் இந்தச் சரிவிலிருந்து 'மச்சான்' என்று கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் மேய்கிற மாடு தலையைத் தூக்கும். கல்யாணத்துக்கு முந்தின மாசியில் அவனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல் வருகிற பெட்டியையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நின்று, "குடுத்தேன்" என்று மூன்று தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்பன் செத்துப்போன பெண்ணுக்கு மட்டும்தான் வேறொருவர் சொல்வார். அதனால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஆஸ்பத்திரி வராந்தாவில், சின்னையன் அந்தச் சொல்லை என் போனில் சொல்லி வைத்தான். மொத்தம் ஐம்பத்திரண்டு விநாடி.

என் போன் சின்னது, பேரப்பிள்ளைகள் வீடியோவிலேயே நிறைந்துவிடும். அதனால் மலர் அந்தப் பதிவைக் கிளவுடில் ஏற்றிவிட்டாள். ஊரில் யாரோ வைத்திருக்கிற பெட்டியில் நம் சாமானைப் போட்டுவைத்து, வேண்டும்போது நெட் வழியாக எடுத்துக்கொள்கிற மாதிரி. மலையில் நெட் கிடைக்காது என்பதால், அந்த ஒரு பதிவு மட்டும் போனுக்குள்ளும் இருக்கும்படி ஏதோ செய்தாள். அதற்கு அடையாளம் பக்கத்தில் ஒரு பச்சை டிக். "இது இருக்கிற வரைக்கும் கவலையில்லப்பா" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போனாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், மத்தியானம், போனில் ஏதோ எழுத்து வந்தது. எழுத்து வந்தால் வலது பக்கத்து நீலப் பொத்தானை அமுக்குவது என் பழக்கம், அமுக்கினேன். அப்டேட் என்று இருபது நிமிஷம் ஓடி, அணைந்து எரிந்தது. பிறகு பார்த்தால் பச்சை டிக்கைக் காணோம். அந்த இடத்தில் சின்னதாக ஒரு மேகம். மழைக்காலம் வருகிறதே, அதற்காகப் புதுப் படம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எழுதும்போது மலர் இந்த இடத்தில் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

வியாழக்கிழமை காலை ஏழே காலுக்குக் கச்சிராயபாளையம் வந்துவிட்டேன். கள்ளக்குறிச்சியிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே வரை பதினாறு கிலோமீட்டர், வெள்ளிமலை பஸ் இந்த வழியாகத்தான் போகும். பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு சந்தேகத்துக்குப் பதிவை அமுக்கிப் பார்த்தேன். பாடியது. முதல் இரண்டு விநாடி வராந்தா இரைச்சல் கேட்டதும் நிறுத்தி, மடித்து வைத்த துண்டுக்குள் போனைச் சுற்றிக்கொண்டேன். பஸ் ஏழு நாற்பதுக்கு வந்தது, டிக்கெட் முப்பது ரூபாய். கோமுகி அணையைத் தாண்டினதும் வளைவுகள் தொடங்கும். வாந்தி வருகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். வெள்ளிமலையில் இறங்கும்போது மணி ஒன்பது ஐந்து.

அங்கிருந்து புளியங்கொல்லை ஒன்பது கிலோமீட்டர். பஸ் கிடையாது, பூபதி என்பவருடைய ஜீப்பில் தலைக்கு நாற்பது ரூபாய், பத்துப் பேர் சேர்ந்தால்தான் எடுப்பார். பதினொன்றரைக்கு எடுத்தார்.

சின்னையன் பந்தக்காலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். இளைத்திருந்தான். கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. முன்பெல்லாம் ஜீப் கண்ணில் படுமுன்னே அவன் சத்தம் காதில் படும். இப்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றான். சாப்பிட்டு முடித்ததும் தன் காதைத் தொட்டுக் காட்டினான். கேட்க வேண்டுமாம். அவன் பெண்சாதி ராசாத்தியும் செல்வியும் வந்து உட்கார்ந்தார்கள்.

அமுக்கினேன். வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னாண்ணே, கிறுகிறுன்னு சுத்திக்கினே கீது?" என்றாள் ராசாத்தி.

மேட்டுக்குப் போனேன், பாறை மேல் ஏறினேன், போனை அணைத்து எரியவைத்தேன். அந்த மேகம் அப்படியே இருந்தது. மலருக்குப் பேசலாம் என்றால் அதற்கும் சிக்னல் இல்லை.

எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. யார், எந்த வருஷம், எந்த மரத்தடியில், என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன். சின்னையன் அந்த வராந்தாவில் சொன்னதில் ஒரு சொல் எனக்கு விட்டுப்போகவில்லை. நான் சொல்லிவிடட்டுமா என்று கேட்டு, முதல் சொல்லை ஆரம்பித்தேன். சின்னையன் எட்டி என் வாயைப் பொத்தினான். கோபம் இல்லை. நான் சொன்னால், இந்தப் பந்தலில் அவன் செத்தவன் கணக்கு.

செல்விதான் மெதுவாகப் பேசினாள். "நீ சொன்னா உன் கொரலு மாமா. எங்கப்பா பேசிக் கேட்டு மூணு மாசம் ஆவுது. எப்புடியிருந்துச்சின்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், வர மாட்டேங்குது."

மூன்றரைக்கு நடந்தே கிளம்பிவிட்டேன். கல்யாணச் சாமான் ஏற்ற வெள்ளிமலைக்குப் போய்க்கொண்டிருந்த பூபதி என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். "இன்னா பெருசு, இப்பதான் இட்டாந்து வுட்டேன். அதுக்குள்ள சோறு கம்மியாப் போட்டுட்டாங்களா?" விஷயத்தைச் சொன்னதும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். காசும் வாங்கவில்லை.

வெள்ளிமலைக் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற தேவகி என்கிற அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, பதிவு எங்கேயும் தொலையவில்லை, கிளவுடில் பத்திரமாக இருக்கிறது, அப்டேட்டில் அந்த டிக் மட்டும் அழிந்து பதிவு போனைவிட்டு வெளியே போய்விட்டது என்றார். எனக்குப் புரியவில்லை. காலையில் கச்சிராயபாளையத்தில் பாடியதே என்றேன்.

"அங்க நெட்டு கீதுங்க, பாடும். இங்கயும் பாடும். நெட்டு இருக்கிற எடத்துல பாத்தா எப்பிடித் தெரியும்? நெட்டை நிறுத்திட்டில்ல பாக்கணும்" என்றார்.

கிணற்றடியில் நின்றுகொண்டு குடம் நிறைந்திருக்கிறதென்று நம்பியிருக்கிறேன்.

அவர் பதிவுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கிற இடத்தை அமுக்கி, 'ஆஃப்லைன்' என்று வருகிறதைத் தொட்டார். கொஞ்ச நேரத்தில் பச்சை டிக் திரும்பி வந்தது. பிறகு விமானப் படத்தை அமுக்கி நெட்டையெல்லாம் நிறுத்திவிட்டு, இப்போது போடுங்கள் என்றார். போட்டேன்.

"அமுக்கினியா மச்சான்? இன்னா முழிக்கிற, நீயா பொண்ணு குடுக்கப் போற?"

கடையில் நின்றபடியே அழுதுவிட்டேன். அந்தச் சொல்லெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் மூன்று மாதமாக என் ஞாபகத்தில் சின்னையன் பேசியதெல்லாம் என்னுடைய குரலில்தான் பேசியிருக்கிறான். அது எனக்கே தெரியவில்லை. நாற்பத்தாறு வருஷத்துச் சொல் ஒன்றுவிடாமல் என்னிடம் இருக்கிறது. அந்தக் கரகரப்பு, சொல்லின் கடைசியில் கொஞ்சம் மேலே இழுப்பானே அந்த இழுப்பு, அதில் ஒரு துளி இல்லை. தேவகியம்மா ஜெராக்ஸுக்கு வாங்குகிற மாதிரி பத்து ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். அதே பதிவை மெமரி கார்டு ஒன்றிலும் ஏற்றிக் கொடுத்தார். பூபதி சாமான் ஏற்றி முடித்ததும், ஆறேகாலுக்கு வெளிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட்டோம். அன்று யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. காலையில்தான் என்று சின்னையன் கையால் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் எதிரே நின்றார்கள். சின்னையன் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தானே அமுக்கினான். என்னைக் கேலி செய்கிற முதல் வார்த்தைக்குப் பந்தல் சிரித்தது. அப்புறம் அடங்கியது.

"எம் பொண்ணு செல்விய, மண்ணறிய மலையறிய, உங்க வூட்டுக்குக் குடுத்தேன்."

"எடுத்துக்கினோம்" என்றார்கள் அவர்கள். மூன்று தடவையும் இப்படியே. சின்னையன் உதடும் கூடவே அசைந்தது. செல்வி தலை நிமிராமல் போனுக்குப் பக்கமாக ஒரு அடி நகர்ந்து நின்றாள்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. வெள்ளிமலைக்கு மேலே நெட்டை எதிர்பார்க்காதீர்கள். டிக்கெட்டோ, ஆதாரோ, மேப்போ, பாட்டோ, எது வேண்டுமோ அதைப் போனுக்குள்ளேயே இருக்கும்படி இறக்கி வையுங்கள். அப்டேட் வந்தால் கிளம்புகிற வாரத்தில் போடாதீர்கள். தெரியாமல் போட்டுவிட்டால், ஒவ்வொன்றாகத் திரும்பப் பாருங்கள், அதுவும் விமானப் படத்தை அமுக்கிவிட்டுப் பாருங்கள். ரொம்ப வேண்டியது என்றால் கார்டில் ஒரு பிரதி தனியாக எடுத்துப்போங்கள். நான் கொண்டுபோன கார்டு இப்போது செல்வி வீட்டு ரேடியோப் பெட்டியில் இருக்கிறது. புளியங்கொல்லையில் தங்க விடுதி இல்லை. வெள்ளிமலைக்கு ஜீப் மூன்று மணிக்குக் கடைசி.

அந்த மூன்று மணி ஜீப்பில்தான் நான் இறங்கினேன். சின்னையன் வளைவு வரைக்கும் கூடவே நடந்து வந்தான். வழக்கமாக ஜீப் மறைகிற வரைக்கும் அவன் கத்திக்கொண்டிருப்பான், நானும் பதிலுக்குக் கத்துவேன். அன்றைக்குக் கையைத் தூக்கினான், அவ்வளவுதான். போன் சட்டைப் பையில் இருந்தது, ஒரு தடவை கேட்க வேண்டும் போல் கை போனது. ஆள் அங்கே நிற்கிறான். ஜீப்புக்கு வெளியே தலையை நீட்டி, மரம் மறைக்கிற வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டு வந்தேன்.